மலட்டு ஈக்களின் எண்ணிக்கையா, வீரியமா?

பாபநாசத்தில் மலையை விட்டிறங்கும் தாமிரபரணி, கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் முதலிய அணைக்கட்டுகளின் வழியாகக் கால்களிற் பிரிந்து, ஸ்ரீவைகுண்டம் வரையில் நெல்லையும் வாழையையும் விளைவித்து வருகிறது. ஆற்றுக்கால் எட்டாத மேட்டு நிலங்களிலும் கிணற்றுத் தோட்டங்களிலும் பாகல், புடல், பீர்க்கு, சுரை, வெள்ளரி, பூசணி முதலிய கொடிக்காய்களும், மா, கொய்யா முதலிய கனிமரங்களும் பயிராகின்றன. இவற்றை வளர்ப்போர்க்குப் பழ ஈயைப் பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பிஞ்சின் தோலைத் துளைத்து ஈ முட்டையிட்டுப் போய்விடும். துளை கண்ணுக்குப் புலப்படுமுன்பே புழுக்கள் உள்ளே சதையைத் தின்னத் தொடங்கிவிடும். காய் கோணி, வெம்பி, அழுகி உதிரும். புழு மண்ணுக்குட் சென்று கூட்டுப்புழுவாகிச் சில நாட்களில் மறுபடியும் ஈயாகப் புறப்படும். நாம் தெளிக்கும் மருந்து ஈயையே எளிதில் எட்டுவதில்லை. காய்க்குள்ளிருக்கும் புழுவையோ எட்டுவதேயில்லை. சந்தைக்குப் போகும் காயில் மருந்து மாத்திரம் தங்குகிறது.

இந்நிலையில், பூச்சியைக் கொண்டே பூச்சியை ஒடுக்கும் ஒரு முறை பல தேசங்களில் கையாளப்பட்டு வருகிறது. ஆண் ஈக்களைக் கோடிக்கணக்கில் வளர்த்து, கதிர்வீச்சினால் மலடாக்கி, வயல்வெளியில் விடுவதே அம்முறை. இதைக் கேள்வியுறும் விவசாயி எவரும், “எத்தனை கோடி ஈக்களை விடுவீர்கள்?” என்று முதலிற் கேட்பது இயல்பே. ஆனால் அது இரண்டாவதாகக் கேட்கத்தக்க கேள்வி. “நீங்கள் விடும் ஈ, எங்கள் தோட்டத்துப் பெண் ஈயைக் கூடவல்லதா?” என்பதே முதற் கேள்வியாக இருத்தல் வேண்டும். விதை நெல்லை வாங்கும்போது மரக்காலை மாத்திரம் பார்த்து, முளைப்புத் திறனைப் பாராமல் வாங்குவோர் நம்மில் எவருமிலர். அதே விவேகம் இங்கும் வேண்டுமென்பதை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முறையின் தத்துவம்

எக்ஸ்ரே கதிர்கள் பழ ஈயினத்தைச் சேர்ந்ததல்லாத சிறு காடி ஈயின் பரம்பரைக் குணங்களை மாற்றுகின்றன என்று 1927-ம் வருஷத்தில் அமெரிக்க விஞ்ஞானி முல்லர் காட்டினார். பூச்சி சாஸ்திரிகளான நிப்ளிங், புஷ்லாண்ட் என்ற இருவரும் அவ்வுண்மையைக் கால்நடைகளின் புண்ணில் முட்டையிடும் திருகுப்புழு ஈயின்மேற் பிரயோகித்தனர். கதிரூட்டப்பெற்ற ஆணின் விந்து செத்துவிடுவதில்லை. அது பெண்ணின் முட்டையை அடைகிறது. ஆயினும் கரு வளராமல் அழிகிறது. ஒரு தரம் கூடிய பெண் மறுபடி ஆணை எளிதில் ஏற்பதில்லையாதலால், அவள் இடும் முட்டைகள் பெரும்பாலும் வீணாகின்றன. 1954-ல் கரீபியக் கடலிலுள்ள குராசோ தீவில் இவ்வாறு மலட்டு ஈக்களை விட்டு, சில மாதங்களுக்குள் திருகுப்புழுவை அடியோடு ஒழித்தனர்.

கதிரூட்டுவதற்கு ஏற்ற பருவம், கூட்டுப்புழு ஈயாக வெளிவருவதற்கு ஓரிரு நாட்களுக்கு முந்திய பருவமாகும். அச்சமயத்தில் சிறகு, கால், தசை முதலியன உருவாகி முடிந்திருக்கும். இனப்பெருக்க அணுக்கள் மாத்திரம் பிரிந்து பெருகிக் கொண்டிருக்கும். பிரிந்து பெருகும் அணுக்களையே கதிர் அதிகமாகத் தாக்கும். ஆயினும் உடல் முற்றிலும் தப்புவதில்லை. கதிரளவு மிகுந்தால் ஈ சோர்ந்து, பறக்கவும் பெண்ணைக் கவரவும் மாட்டாமற் போகும். குறைந்தாலோ முட்டைகளிற் சில பொரிக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு குறுகிய வரப்பின்மேல் நடப்பது போன்றது இவ்வேலை.

ஒரு சிறு கணக்கு

வீரியத்தின் அருமையை ஒரு கணக்கினால் விளக்கலாம். ஒரு கிராமத்தில் 1000 பெண் ஈக்களும் 1000 ஆண் ஈக்களும் இருப்பதாகவும், தடையின்றிப் பெருகினால் தலைமுறைக்கு ஐந்து மடங்காகும் என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தலைமுறைக்கும் 9000 மலட்டு ஆண்களை விடுகிறோம். அவை தோட்டத்து ஆண்களுக்குச் சரிநிகரான திறனுடையவையாயின், பத்துப் பெண்களில் ஒன்றே நல்ல ஆணைச் சேரும். 1000 பெண்களில் 100 பெண்களின் முட்டைகளே பொரிக்கும். அவை ஐந்து மடங்காகி, அடுத்த தலைமுறையில் 500 பெண்கள் இருக்கும். மறுபடி 9000 ஆண்களை விட்டால் அது ஏறக்குறைய 130 ஆகும். அதற்கும் அடுத்ததில் 10-க்குள் அடங்கிவிடும்.

இப்பொழுது, அதே 9000 ஈக்கள் கூடும் திறனிற் பாதியே உடையவையென்று கொள்வோம். அவை 4500-க்கே சமானம். முதல் தலைமுறையின் முடிவில் 1000 பெண்கள் 909 ஆகவும், அடுத்ததில் 764 ஆகவும் மெள்ள மெள்ளக் குறையும். செலவு முழுவதும் ஆகும். பலனோ கண்ணுக்குத் தெரியாது. திறன் ஐந்திலொரு பங்கு மாத்திரமே என்றாலோ, 9000 ஈக்களும் 1800-க்கே சமானமாகி, பெண்களின் தொகை 1786 ஆக ஏறிவிடும். ஈக்களை விட்டுக்கொண்டேயிருப்போம், பாகற்காய் அழுகிக்கொண்டேயிருக்கும். ஆகையால், தொழிற்சாலையிலிருந்து எத்தனை மூட்டை கூட்டுப்புழு வந்ததென்ற கணக்கை மாத்திரம் பார்த்துத் திருப்தியடைவது, பதரை அளந்து களஞ்சியத்தில் இடுவதையொக்கும்.

கூண்டில் வளர்ந்த ஆண்

வீரியம் ஏன் குறைகிறது? கதிர் ஒரு காரணம். கூண்டு மற்றொரு காரணம். தோட்டத்துப் பழ ஈயில், அந்தி மயங்கும் வேளையில் ஆண்கள் இலைகளின்மேல் ஆங்காங்கே கூடி, சிறகுகளை அதிரவிட்டு, மணத்தைப் பரப்பிப் பெண்ணை அழைக்கும். பெண் வந்து பார்த்து, பிடித்தால் ஏற்கும், பிடியாவிடில் பறந்துபோகும். நெருக்கமான கூண்டிலோ பெண்ணுக்குத் தப்பியோட இடமில்லை. அழைக்கத் தெரியாத ஆணும், அழகாக அதிராத ஆணும் அங்கே தந்தையாகிவிடுகிறான். அன்றியும், சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் முட்டையிடும் ஈக்களிலிருந்தே தொழிற்சாலையில் அடுத்த தலைமுறை பெருகுகிறது. தலைமுறை தோறும் ஒருவரும் எண்ணாமலே ஒரு தேர்வு நடந்துகொண்டிருக்கிறது. அத்தேர்வு தோட்டத்துக்கு ஏற்றதன்று, கூண்டுக்கு ஏற்றது.

1972-ம் வருஷத்தில் அமெரிக்காவில் திருகுப்புழு திடீரென்று பெருகி, 95,000-க்கு மேற்பட்ட கால்நடைகளில் கண்டது. அதற்குத் தட்பவெப்பம் முதலிய பல காரணங்கள் கூறப்பட்டன. தொழிற்சாலையின் ஒரே சீரான வெப்பத்தில் வளர்ந்து வளர்ந்து, அங்கிருந்து வெளிவந்த ஈயின் பறக்கும் திறனே மாறிவிட்டது என்பது 1976-ல் சில விஞ்ஞானிகள் வெளியிட்ட அபிப்பிராயம். அதனை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லையெனினும், வளர்க்கும் வம்சத்தை அடிக்கடி சோதித்து மாற்றவேண்டும் என்ற எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது.

ஓகினாவாவின் அனுபவம்

நமக்கு மிகவும் அருகான உதாரணம் ஜப்பானின் தென்கோடியிலுள்ள ஓகினாவாத் தீவுகள். நமது பாகலையும் பூசணியையும் கெடுக்கும் அதே கொடிக்காய்ப் பழ ஈ, 1919-ல் அத்தீவுகளின் தென்பகுதியிற் காணப்பட்டு, 1972-ல் ஓகினாவாவின் பெருந்தீவையும் எட்டியது. அத்தீவினரின் முக்கிய விளைபொருளாகிய பாகற்காயை ஜப்பானின் பெருநிலத்துக்கு அனுப்பத் தடை இருந்தது. கூமே என்ற சிறு தீவில் மலட்டு ஈக்களை விட்டு, 1978-ல் அங்கே ஈ ஒழிந்ததாக அறிவித்தனர். பின்னர் ஒவ்வொரு தீவாகச் சென்று, 1993-ல் எல்லாத் தீவுகளிலும் வேலையை முடித்தனர். பாகற்காய் தடையின்றிக் கப்பலேறியது.

இவ்வெற்றியின் நடுவே நேர்ந்த ஒரு சங்கடத்தை நாம் கவனிக்கவேண்டும். பெருந்தீவின் ஒரு பகுதியில், மலட்டு ஆண்களை ஏற்க மறுக்கும் பெண் ஈக்கள் தோன்றின. இதில் ஆச்சரியமில்லை. மலட்டு ஆணைச் சேர்ந்த பெண்ணுக்குச் சந்ததி இல்லை; ஏதோ ஒரு குறிப்பால் அவனை அடையாளங்கண்டு விலக்கிய பெண்ணுக்கே சந்ததி உண்டு. ஆகவே விலக்கும் குணமே பரவும். ஹவாயித் தீவுகளில் ஒன்றான கவாயிலும், மத்தியதரைப் பழ ஈயில் இத்தகைய விலக்கம் காணப்பட்டதாக 1996-ல் அறிக்கை வெளிவந்தது. நாம் ஈக்களைத் தேர்ந்தெடுப்பது ஒருபுறமிருக்க, ஈக்களும் நம்மைத் தேர்ந்தெடுத்துக் கொண்டிருக்கின்றன. விரைந்து வளரும் வம்சங்களில் கூடும் வேளையே முன்னதாக நகர்ந்துவிடுகிறது என்பதையும் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் கண்டனர். தோட்டத்துப் பெண் அந்தியில் வரும்போது, தொழிற்சாலை ஆண் தன் வேளையை முடித்துக்கொண்டு இருக்குமாயின், எத்தனை கோடி விட்டும் என்ன பிரயோஜனம்?

பொலிகாளையும் மலட்டு ஈயும்

கதிரூட்டிய பின்பும் நன்றாகக் கூடவல்ல வம்சத்தைத் தேர்ந்தெடுத்து வளர்க்க இயலுமா என்பதே இப்பொழுது ஆராய்ச்சியாளர் முன்னுள்ள விஷயம். இதில் ஒரு விநோதமான முட்டுக்கட்டை உண்டு. கதிரூட்டிய பின் எந்த ஆண் சிறந்ததென்று கண்டுகொண்டோமோ, அந்த ஆண் மலடு. அதனிடமிருந்து சந்ததி பெற இயலாது. சோதித்ததை வளர்க்க முடியாது, வளர்ப்பதைச் சோதித்ததில்லை.

ஆனால் நமது கால்நடை வளர்ப்போர்க்கு இது புதிய சிக்கலன்று. பொலிகாளையிடம் பால் கறந்து பார்த்து அதன் தரத்தை நிர்ணயிக்க எவராலும் ஆகாது. அதன் தாயையும், உடன்பிறந்த பசுக்களையும், அதற்குப் பிறந்த கிடேரிகளையும் பார்த்தே காளையை மதிக்கிறோம். ஈக்களிலும் அவ்வாறே செய்யலாம். ஒரே தாய் தந்தையின் பிள்ளைகளை இரு பங்காக்கி, ஒரு பங்கு ஆண்களுக்குக் கதிரூட்டிக் கூண்டிலுள்ள மரத்தில் விட்டுச் சோதிக்கவேண்டும். மற்றொரு பங்கைக் கதிர்படாமற் காப்பாற்றி வைக்கவேண்டும். எந்தக் குடும்பத்தின் கதிரூட்டிய சகோதரர்கள் தோட்டத்துப் பெண்களை அதிகமாகக் கவர்ந்தனரோ, அக்குடும்பத்தின் கதிர்படாத சகோதர சகோதரிகளை அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராக்க வேண்டும். நெல்லில் ஒவ்வொரு கதிரின் மணியையும் தனி வரிசையில் நட்டு, வரிசையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு இது ஒப்பாகும். 1937-ல் ஏற்பட்ட அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்களைப் பயிரிட்டுப் பழகிய நமக்கு, தேர்வின் வல்லமையைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம்.

தேர்வினால் கூடும் திறன் உயரும் என்பதற்குச் சாட்சியும் இருக்கிறது. மெக்சிக்கோவில் ஆண்களை மாத்திரம் பிரித்தெடுக்கத்தக்கதாக உருவாக்கிய ஒரு பழ ஈ வம்சம் போட்டியில் சற்றுப் பலவீனமாயிருந்தது. போட்டியில் வென்று கூடிய ஆண்களையே தந்தையராகக் கொண்டு வம்சத்தைப் புதுப்பித்தபோது, அதன் திறன் உயர்ந்ததென்று அங்குள்ள ஆராய்ச்சியாளர் 2016-ல் அறிவித்தனர்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கின் கூன்வண்டில் இவ்விஷயம் இன்னும் அவசரமானது. வண்டினங்களில் வளர்ந்த பூச்சியின் குடலணுக்களும் தொடர்ந்து பிரிந்து புதுப்பித்துக் கொள்ளுகின்றன. ஆகவே கதிர் அவற்றின் குடலையும் தாக்க, கதிரூட்டிய வண்டு சில நாட்களுக்கே கூடும் திறனோடிருந்து பின்பு நலிகிறது. அவ்வாறிருந்தும், கூமே தீவில் பல்லாண்டு உழைத்து, நம் நாட்டிலும் உள்ள இனமாகிய கூன்வண்டை 2013-ல் ஒழித்ததாக அறிவித்தார்கள். கதிருக்குப் பின் இன்னும் ஓரிரு நாட்கள் வீரியத்தோடிருக்கும் வம்சம் ஒன்று கிடைக்குமாயின், விடவேண்டிய வண்டுகளின் தொகை எவ்வளவோ குறையும்.

ஓர் எச்சரிக்கை

எனினும் தேர்வு என்பது இருபுறமும் கூரான அரிவாள். கதிருக்குப் பின் நன்றாகக் கூடும் குடும்பம் ஏன் அவ்வாறு கூடுகிறது? அது இயல்பாகவே வலிமை மிக்கதாக இருக்கலாம், அது நன்மை. அல்லது, கதிரின் தாக்குதலையே தாங்கும் சக்தி பெற்றதாக இருக்கலாம், அது ஆபத்து. உடலைக் காக்கும் சக்தி விந்தையும் காக்குமாயின், மலட்டு ஈ என்று நாம் விடும் ஈ முழு மலடாக இராது. அதைச் சரிப்படுத்தக் கதிரளவை உயர்த்தினால், தேர்வினால் பெற்ற வீரியம் அவ்வுயர்வில் போய்விடும். அதுமட்டுமன்று, கதிரைத் தாங்கும் குணமுள்ள ஈக்களை நாமே நம் தோட்டங்களில் விதைத்தவராவோம்.

ஆகையால் ஒவ்வொரு குடும்பத்தையும் இரு தராசுகளில் நிறுக்கவேண்டும். கதிரூட்டிய ஆண்கள் எத்தனை பெண்களைக் கூடின என்பது ஒரு தராசு. அப்பெண்கள் இட்ட முட்டைகளில் எத்தனை பொரித்தன என்பது மற்றொன்று. முன்னதில் உயர்ந்து பின்னதில் தாழ்ந்த குடும்பமே வித்துக்கு உரியது. இரண்டிலும் உயர்ந்ததை இரக்கமின்றித் தள்ளவேண்டும்.

இன்னொன்று: சிறந்தவையென்று இரண்டொரு குடும்பங்களை மாத்திரம் வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினால், நெருங்கிய உறவில் கூடிய ஆடுமாடு நலிவதுபோல வம்சம் நலியும். பல குடும்பங்களைக் காப்பாற்றுவதோடு, ஈக்களை விடப்போகும் ஊரிலிருந்தே தோட்டத்து ஈக்களைப் பிடித்து, அவ்வப்போது கலந்து வரவேண்டும். தோட்டத்து ஈக்கள் கூண்டில் எளிதாக முட்டையிடமாட்டா. தொழிற்சாலைக்காரர்க்கு அது தொந்தரவே. அத்தொந்தரவைப் பட்டே ஆகவேண்டும்.

தேர்வுக்கு முன்னரே செய்யக்கூடிய சுலபமான காரியங்களும் இருக்கின்றன. பழ ஈயின் ஆண்களைச் சில வாசனைத் திரவியங்கள் கவருகின்றன என்பதை 1912-ம் வருஷத்தை ஒட்டிப் பூசாவிலிருந்த ஹௌலெட் என்ற பூச்சி சாஸ்திரி நம் நாட்டிலேயே கண்டறிந்தார். இன்று கவர்ச்சிப் பொறிகளில் வைக்கும் மீதைல் யூஜினால் அவ்வழி வந்ததே. விடுமுன் ஆண்களுக்கு அவற்றின் இனத்துக்கேற்ற கவர்ச்சித் திரவியத்தை ஊட்டினால், அவை பெண்ணைக் கவரும் திறனில் மேம்படுகின்றன என்று பல இனங்களிற் கண்டிருக்கிறார்கள். நல்ல தீனியும் அவ்வாறே உதவும். வம்சத்தை மாற்றுவது பல வருஷ வேலை. தீனியை மாற்றுவது ஒரு வார வேலை. இரண்டும் நடக்கட்டும்.

டெல்லியில் கற்ற பாடம்

நம் தேசத்தில் இத்துறையில் நடந்த பெரிய முயற்சி கொசுக்களைப் பற்றியது. உலக சுகாதார ஸ்தாபனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து, 1970-ஐ ஒட்டி டெல்லியில் ஒரு நிலையம் ஏற்படுத்தின. அங்கே பெரும்பாலும் இரசாயனத்தினால் மலடாக்கிய ஆண் கொசுக்களைச் சுற்றுப்புறக் கிராமங்களில் விட்டுச் சோதித்தார்கள். அவ்வாண்கள் பெண்களைக் கூடத்தான் செய்தன. ஆனால் எல்லைக்கு வெளியே ஏற்கெனவே கூடிவிட்ட பெண் கொசுக்கள் பறந்து வந்து முட்டையிட்டமையால் கொசுவின் தொகை எதிர்பார்த்தபடி குறையவில்லை. 1975-ல் சோனிப்பட்டு நகரில் வேறொரு கொசுவினத்தை விடும் தறுவாயில், இவ்வாராய்ச்சியின் நோக்கத்தைப் பற்றிப் பத்திரிகைகளிலும் பார்லிமெண்டிலும் பலத்த சந்தேகங்கள் கிளம்பின, முயற்சி நிறுத்தப்பட்டது.

இதில் இரண்டு பாடங்கள் உள. வீரியமிக்க ஆணும் திறந்த எல்லையை அடைக்கமாட்டான் என்பது ஒன்று. ஜனங்களுக்கு முன்கூட்டித் தெளிவாக எடுத்துச் சொல்லாத காரியம், அது எவ்வளவு நல்லதாயினும், நிலைக்காது என்பது மற்றொன்று. ஒரு முறை நம்பிக்கை போனால் அது திரும்ப ஒரு தலைமுறை ஆகும்.

எல்லை காப்பதில் ஓய்வுக்கு இடமில்லை என்பதைத் திருகுப்புழுவும் நினைவூட்டியிருக்கிறது. 1991-ல் மெக்சிக்கோவில் ஒழிந்த அந்த ஈ, பனாமாவில் அதனைத் தடுத்து நின்ற வரம்பைக் கடந்து 2023-ல் வடக்கே பரவத் தொடங்கி, 2024-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் மெக்சிக்கோவின் தென்பகுதியில் மறுபடியும் காணப்பட்டது.

நம் பள்ளத்தாக்குக்கு ஏற்றது எது?

கூமே ஒரு தீவு, பாபநாசம் தீவன்று. மேற்கே பொதிகை மலைக் காடு; அங்குள்ள காட்டுக் கனிகளிலும் பழ ஈக்கள் வாழும். வேலிகளில் படரும் கோவைக்கொடியிலும் கொடிக்காய் ஈ பெருகும். கிழக்கே ஊருக்கு ஊர் தோட்டங்கள் தொடர்கின்றன. வெளியூர்ச் சந்தைகளிலிருந்து புழுவிருக்கும் காய்கள் லாரிகளில் வந்திறங்குகின்றன. ஆகையால் ஈயை வேரறுத்து விடுவோம் என்று வாக்களிப்பவரை நாம் நம்பலாகாது. ஈயை மருந்தின்றி அடக்கி வைப்பதே இங்கு நியாயமான நோக்கம். அவ்வாறு நாள்தோறும் அடக்கி வைப்பதற்கு, வருஷந்தோறும் விடவேண்டிய ஈ ஒவ்வொன்றும் தன் விலைக்குரிய வேலையைச் செய்யவேண்டும். வீரியத்தைப் பற்றிய பேச்சு தீவுகளைவிட நமக்கு முக்கியமாவது இதனாலேயே.

நெல் விளைவிப்போர், குருத்துப் பூச்சிக்கும் இம்முறை ஆகுமா என்று கேட்கலாம். அந்துப்பூச்சிகளை முழு மலடாக்கப் பெருமளவு கதிர் வேண்டும். அதனால் பூச்சி மிகவும் நலியும். ஆகவே அவற்றிற்குக் குறைந்த கதிரூட்டி விட்டு, அவற்றின் பிள்ளைகள் தந்தையைக் காட்டிலும் அதிக மலடாகப் பிறக்கும் இயல்பைப் பயன்படுத்தும் வழியை ஆராய்கின்றனர். புகையிலை வெட்டுப்புழுவைப் பற்றி டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இத்தகைய ஆராய்ச்சி நடந்துள்ளது. நெல் வயலின் பரப்பை நோக்க, முதலிற் கொடிக்காய்த் தோட்டங்களில் கைபழகுவதே உசிதம்.

இம்முறை நம் ஜில்லாவுக்கு வருமாயின், இலாகாவினிடம் நாம் கேட்க வேண்டியவை நான்கு.

1. வளர்க்கும் வம்சம் இப்பள்ளத்தாக்கில் பிடித்த ஈக்களிலிருந்து தொடங்கவேண்டும். காலந்தோறும் இங்குள்ள ஈக்களோடு கலந்து புதுப்பிக்கப்படவேண்டும்.

2. வலைக்கூண்டுக்குள் உயிர்மரம் நட்டு, தோட்டத்து ஆண்களையும் மலட்டு ஆண்களையும் சம எண்ணிக்கையில் தோட்டத்துப் பெண்களோடு விட்டுச் சோதிக்கவேண்டும். சம வீரியமாயின் நூறு கூடல்களில் ஐம்பது மலட்டு ஆண்களுடையதாக இருக்கும். இத்தொகையையும், முட்டை பொரித்த வீதத்தையும், மாதந்தோறும் இத்தகைய பத்திரிகையில் யாவரும் அறிய அச்சிடவேண்டும்.

3. எத்தொகைக்குக் கீழே போனால் அந்த வம்சத்தைத் தள்ளிவிடுவதென்பதை, ஈக்களை விடுவதற்கு முன்பே நிச்சயித்து அறிவிக்கவேண்டும். பின்னால் நிச்சயிக்கும் அளவுகோல் எப்போதும் வளைந்துகொடுக்கும்.

4. விடுமுன் ஒவ்வொரு கிராம சபையிலும் விஷயத்தை விளக்கிச் சொல்லவேண்டும். இந்த ஈக்களின் உடலில் கதிர் தங்கியிருப்பதில்லை என்பதையும், கூடினாலும் சந்ததியில்லை என்பதையும், கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் கூறி எடுத்துரைக்கவேண்டும்.

இலாகாவினிடம் கேட்பதற்கு ஒப்ப, நாம் செய்யவேண்டியதும் உண்டு. மேற்கூறிய கணக்கை மறுபடியும் நோக்குக. தோட்டத்து ஈக்கள் 1000-த்திலிருந்து 500 ஆகக் குறைந்தால், அதே 9000 மலட்டு ஈக்கள் ஒன்பதுக்கு ஒன்றாக இருந்தவை பதினெட்டுக்கு ஒன்றாகிவிடும். இதைச் செய்ய எக்ஸ்ரேயும் வேண்டாம், தொழிற்சாலையும் வேண்டாம். உதிர்ந்த காய்களையும் புழுத்த காய்களையும் அன்றன்று பொறுக்கி, ஆழக் குழிதோண்டிப் புதைத்தால் போதும். வேலியிலுள்ள கோவைக்கொடியையும் கவனியாது விட்ட பூசணிக்கொடியையும் களையவேண்டும். கொடி நின்ற இடத்தைக் கொத்திப் புரட்டிக் கூட்டுப்புழுக்களை வெயிலுக்கும் பறவைக்கும் இரையாக்கவேண்டும். கவர்ச்சிப் பொறிகளை ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் வைக்கவேண்டும். மலட்டு ஈக்களை விடும் காலத்தில் மாத்திரம், அப்பொறிகள் நாம் விட்ட ஆண்களையே பிடித்துவிடுமாதலால், கணக்கெடுப்பதற்கு வேண்டிய சிலவற்றை நிறுத்தி மற்றவற்றை எடுத்துவிடவேண்டும்.

கிராம அதிகாரிகளின் பங்கு இங்கே பெரிது. ஒன்பது தோட்டக்காரர் புதைத்து, பத்தாமவர் தம் அழுகற் காய்களை வரப்போரத்தில் கொட்டிவைத்தால், ஒன்பது பேர் உழைப்பும் அவர் குப்பையிலிருந்து பறந்துபோகும். பொறியில் வாரந்தோறும் விழுந்த ஈக்களை எண்ணி ஒரு நோட்டில் பதிந்து வருவது, அடங்கல் எழுதும் கைக்குப் பெரிய சுமையன்று. மலட்டு ஈக்கள் வருவதற்கு ஒரு வருஷத்துக்கு முந்தியே அக்கணக்கு தொடங்கியிருந்தால்தான், வந்தபின் குறைந்ததா இல்லையா என்று எவரும் சொல்ல இயலும். கணக்கில்லாத ஊரில் வெற்றியும் தெரியாது, தோல்வியும் தெரியாது. சொல்வோர் சொன்னதே மிஞ்சும்.

ஈக்களை அதிகமாக விட்டாலே போதுமென்போர், பணமும் தொழிற்சாலையும் அளவற்றுக் கிடைக்கும் என்று எண்ணுகிறார்கள் போலும். நம் போன்ற நாட்டில் அவை அளவுக்குட்பட்டவை. இதெல்லாம் வீண் வேலை, மருந்தே போதுமென்போர், அம்மருந்து காய்க்குள்ளிருக்கும் புழுவைத் தொடவில்லை என்பதையும், நம் பிள்ளைகளின் உணவைத் தொடுகிறதென்பதையும் மறந்துவிடுகிறார்கள். இவ்விரு கட்சிக்கும் நடுவே ஒரு வழியுண்டு. நல்ல விதையைப் பொறுக்குவதுபோல் நல்ல ஈயைப் பொறுக்கவேண்டும். பொறுக்கியதைச் சோதித்து, சோதனையின் முடிவை மறைக்காமல் வெளியிடவேண்டும். அதனோடு ஊரார் ஒன்றுகூடித் தோட்டங்களைத் துப்புரவாக வைத்திருக்கவேண்டும். வரும் பட்டத்திற்கு முன்னரே ஒவ்வொரு ஊரிலும் பொறிக் கணக்கை ஆரம்பித்து, உதிர் காய்களைப் புதைக்கும் வழக்கத்தை நிலைநாட்டுமாறு நிலமுடையோரையும் கிராம அதிகாரிகளையும் வேண்டிக்கொள்ளுகிறேன்.